யார் போட்ட முதல்?

முன்னேற்ற நூல்களும் நம் தன்வரலாறுகளும்

'உன்மேல் நீயே முதலீடு செய்.' இப்போது ஊரெல்லாம் இந்தப் பேச்சுதான். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில், கல்லூரி விழா மேடையில், கம்பெனிக்காரன் நடத்தும் பயிற்சி வகுப்பில், எங்கே போனாலும் இதைத்தான் ஓதுகிறார்கள். படிப்பு ஒரு முதலீடு. திறன் ஒரு முதலீடு. போட்ட முதல் வேலையாக, சம்பளமாக, பதவி உயர்வாகத் திரும்பி வரும். வரவில்லையா, நீ சரியாகப் போடவில்லை. இவ்வளவுதான் அந்த வேதம்.

நம் பிள்ளைகள் இந்தப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இவை கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்முடைய கவிதையும் கதையும் அங்கே கிடப்பதைப் பார்த்தது குறைவு. ஆகவே இதெல்லாம் இலக்கியமா என்று மூக்கைச் சுளித்து ஒதுக்கிவிட முடியாது. இவையும் பிரதிகள்தான். யார் பேசுகிறார், யாரைப் பார்த்துப் பேசுகிறார், யாரை மறைத்துவிட்டுப் பேசுகிறார் என்று கேட்டு வாசிக்க வேண்டிய பிரதிகள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிக்காதே என்று சொல்ல நான் வரவில்லை. படிப்பு வேணாம், தொழில் கத்துக்க வேணாம் என்று பேசுகிறவன் மூணு தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரனாகத்தான் இருப்பான். பள்ளிக்கூடம் நம் சனம் நூறு வருசத்துக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு, அடிபட்டு வாங்கியது. என் சண்டை படிப்போடு இல்லை. 'முதலீடு' என்கிற சொல்லோடு.

அந்தச் சொல் வந்த வழியைப் பார்க்கலாம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960-ல் ஆற்றிய உரையில் கல்வியை மனிதர்மேல் போடும் முதலீடாக விளக்கினார். கேரி பெக்கர் 1964-ல் 'மனித மூலதனம்' என்ற புத்தகத்தை எழுதினார். மனுசனை மூலதனம் என்றால் அது அடிமைமுறையை நினைவுபடுத்தாதா என்கிற தயக்கத்தை ஷுல்ட்ஸே அந்த உரையில் எடுத்துப் பேசுகிறார். நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட சனத்துக்கு அந்தத் தயக்கம் உடனே விளங்கும்.

இதில் இன்னொரு விசயம் இருக்கிறது. இதே பெக்கர் அதற்கு முன்னால், 1957-ல், பாகுபாட்டின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். கறுப்பரை வேலைக்கு வைக்க மறுக்கிற முதலாளியையும் பொருளாதாரக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் அவர். அந்த மறுப்பை முதலாளியின் 'விருப்பம்' என்று அவர் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அப்படி ஒன்று இருப்பதையாவது ஒத்துக்கொண்டார். முன்னேற்ற நூல்காரர்கள் பெக்கரில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டார்கள், மறுபாதியைக் கீழே போட்டுவிட்டார்கள். முதலீடு கடல் தாண்டி வந்து சேர்ந்தது. பாகுபாடு வழியிலேயே காணாமல் போச்சு.

இனி புத்தகங்களுக்கு வருவோம். ராபர்ட் கியோசாகி 1997-ல் வெளியிட்ட 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை' தமிழிலும் நன்றாக விற்கிற புத்தகம். கதைசொல்லிக்கு ரெண்டு அப்பா. பெற்ற அப்பா பெரிய படிப்புப் படித்தவர், ஹவாயில் அரசுக் கல்வித்துறையில் உயர்ந்த பதவியில் இருந்தவர். அவர்தான் 'ஏழைத் தந்தை'. நண்பனின் அப்பா எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காதவர், தொழில் நடத்துகிறவர். அவர் 'பணக்காரத் தந்தை'. சம்பளத்துக்கு உழைக்கிறவன் கடைசிவரை ஓடிக்கொண்டே இருப்பான், சொத்துச் சேர்க்கிறவன்தான் நிமிர்வான் என்பது பாடம்.

சேரியில் உட்கார்ந்து வாசித்தால் ஆரம்பத்திலேயே இடிக்கிறது. மாசச் சம்பளம், வீடு, கல்வித்துறையில் பதவி. இவரா ஏழை? எங்க தெருவில் இப்படி ஒரு அப்பா இருந்திருந்தால் மனு எழுதவும் கையெழுத்து வாங்கவும் சனம் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். அந்தப் புத்தகம் ஏழ்மை என்று காட்டுகிற படிக்குக் கீழே இன்னும் பல படிகள் இருக்கின்றன. நாம் நிற்பது அங்கே. மூணாவதாக ஒரு அப்பாவை அந்தப் பிரதியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. படிக்கவும் விடப்படாத, கடை வைக்கவும் விடப்படாத அப்பா. நம்மாள் ஊருக்குள் டீக்கடை போட்டால் எவன் வந்து குடிப்பான்?

அதே புத்தகத்தில் இன்னொரு காட்சி. ஒன்பது வயதுப் பையன் பணக்காரத் தந்தையின் கடையில் வேலைக்குச் சேர்கிறான். மணிக்குப் பத்து சென்ட் கூலி. அப்புறம் அதுவும் கிடையாது, சும்மா வேலை செய் என்கிறார். பையன் செய்கிறான், பணத்தின் ரகசியத்தைக் கற்றுக்கொள்கிறான். நம் ஊர்களில் ஒன்பது வயசில் ஆண்டை வீட்டு மாட்டுக்குப் பின்னால் விடப்பட்ட பையன்கள் எத்தனை பேர்! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. வந்த பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மீட்கப்பட்டார்கள். கூலியில்லாமல் உழைத்ததால் அவர்களுக்கு எந்த ரகசியமும் கிடைக்கவில்லை. ஒரே மாதிரி வேலை ஒருத்தனுக்குப் பாடம், இன்னொருத்தனுக்குச் சிறை. சாயங்காலம் வீட்டுக்குப் போய், நாளைக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறவனுக்கு மட்டும்தான் அது பாடம்.

ஸ்டீபன் கவி 1989-ல் எழுதிய ஏழு பழக்கங்கள் பற்றிய புத்தகமும் நம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அதில் ஏழாவது பழக்கம் ரம்பத்தைத் தீட்டுவது. காட்டில் ஒருத்தன் மரத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறான். களைத்துப் போய்விட்டான். கொஞ்சம் நிறுத்தி ரம்பத்தைத் தீட்டக் கூடாதா என்று கேட்டால், அதுக்கெல்லாம் நேரமில்லை, அறுக்கணும் என்கிறான். பயிற்சி வகுப்புகளில் இதைச் சொன்னதும் எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மரம் யாருடையது? ரம்பம் யாருடையது? தீட்டுகிற நேரத்துக்குக் கூலி உண்டா? ரம்பம் மழுங்கிப் போனது தினமும் அதைப் பிடிக்கிறவனுக்குத் தெரியாதா? வேறு யாருக்கும் முன்னால் அவன் தோளுக்குத்தான் தெரியும். அரம் வாங்கக் காசு வேணும், நிறுத்த நேரம் வேணும், நிறுத்தினால் மறுநாளும் வேலைக்குக் கூப்பிடுகிற மேஸ்திரி வேணும். அறிவுரை தப்பில்லை. அதைச் செய்வதற்குத் தேவையான எல்லாம் கதைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அதனால் அறுக்கிறவன் முட்டாளாகத் தெரிகிறான்.

இந்தப் பிரதிகளுக்குப் பக்கத்தில் நம்முடையதை வைத்துப் பார்க்கணும். நம் தன்வரலாறுகளும் படித்து மேலே வந்தவர்களின் கதைகள்தான்.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. சாதியால் கிடைக்காத மரியாதையைப் படிப்பால் வாங்கலாம், நல்லாப் படி என்று அண்ணன் சொல்கிறார். அந்தச் சின்னப் பெண் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறாள். உயிரைக் கொடுத்துப் படிக்கிறாள், வகுப்பில் முதலாவதாக வருகிறாள். இதுவரைக்கும் பார்த்தால் முன்னேற்ற நூலின் கதையேதான். ஆனால் 'கருக்கு' அங்கே நிற்கவில்லை. கல்லூரியில் தனி வகுப்பு வைக்கிறோம், அரிசன மாணவிகள் எழுந்து நில்லுங்கள் என்கிறார்கள். எழுந்தால் எல்லோர் முகமும் திரும்பும், எழாவிட்டால் உரிமை போகும். கடைசி வருச விருந்துக்கு உடுத்த நல்ல சேலை இல்லாமல் குளியலறையில் போய் ஒளிந்துகொள்கிறாள். ஆசிரியை ஆகிறாள், பிறகு கன்னியாஸ்திரி ஆகிறாள், மடத்துக்குள்ளும் அதே சாதியைப் பார்க்கிறாள், வெளியே வந்துவிடுகிறாள். கையில் பட்டமும் பயிற்சியும் இருக்க, வேலையில்லாமல் நிற்கிற இடத்திலிருந்து அந்தப் புத்தகம் எழுதப்படுகிறது. முன்னேற்ற நூலின் கணக்குப்படி இது சுத்த நட்டம். நம் கணக்கு வேறு. 'கருக்கு' இல்லாமல் தமிழில் தலித் இலக்கியம் பற்றிப் பேச முடியுமா?

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன். அவர் 2002-ல் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலை 'கருக்'கோடு சேர்த்து வைத்து வாசிக்க வேண்டும். சிலுவை நன்றாகப் படிக்கிறவன். படிப்பு முடிந்ததும் வேலைக்கு அலைகிறான். கிறிஸ்தவராகப் பிறந்த தலித்துக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது, 1950-ம் வருசத்து குடியரசுத் தலைவர் ஆணை அப்படி. சீக்கியருக்கு 1956-லும் பவுத்தருக்கு 1990-லும் திறந்த கதவு கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. ஊரில் அவன் பறையன், தாலுகா ஆபீசில் அவன் வேறு யாரோ. படித்தவன் இந்தப் பொறியில் மாட்டிக்கொண்டு முழிப்பதை ராஜ் கௌதமன் ஒப்பாரியாகச் சொல்லவில்லை, கிண்டலாகச் சொல்கிறார். அந்தக் கிண்டலில் தன்னையும் விட்டுவைக்கவில்லை. ஒரு தாளில் எழுதின நாலு வரி, ஒருத்தன் படித்த படிப்பு முழுசையும் செல்லாக் காசாக்கிவிட முடியும் என்பதை எந்த முன்னேற்ற நூலும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அண்ணல் அம்பேத்கரைவிட அதிகமாகத் தன் படிப்பில் 'முதல் போட்டவர்' இந்த நாட்டில் யார்? பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா போனார். பொருளாதாரம் படித்தார். 1917-ல் திரும்பி வந்து, ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க ஒரு இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பேரில் தங்கினார். விசயம் தெரிந்து தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். பம்பாய் திரும்பிய பிறகு பிழைப்புக்காகப் பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். ஆலோசகர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள், தொழிலும் படுத்துவிட்டது. முதலீடு பற்றி ஆலோசனை சொல்லவே ஒரு கடை போட்டவர் அவர். அறிவு சரக்காக இருந்தது, வாங்குகிறவன் சாதியைப் பார்த்தான்.

அந்தப் படிப்புக்கு முதல் போட்டது யார்? பரோடா மன்னர் மட்டுமா? அவர் லண்டனில் நூலகத்தில் உட்கார்ந்திருந்தபோது பம்பாயில் ரமாபாய் குடும்பத்தைத் தாங்கினார். ஐந்து பிள்ளைகள் பெற்று நான்கைப் பறிகொடுத்த தாய் அவர். அதை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? அம்பேத்கர் அதை எழுதிவைத்த விதத்தைப் பாருங்கள். 1924-ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, 1925-ல் சோலாப்பூரில் மாணவர் விடுதி, 1945-ல் மக்கள் கல்விக் கழகம், 1946-ல் சித்தார்த்தா கல்லூரி, 1950-ல் அவுரங்காபாத்தில் இன்னொரு கல்லூரி. பட்டியல் சாதி மாணவர் பலர் கல்லூரி போனது 1944-ல் தொடங்கிய உதவித்தொகையால். அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் அவர் இருந்தார். தனக்குக் கிடைத்ததை லாபமாக எடுத்துக்கொள்ளாமல் கடனாக எடுத்துக்கொண்டு, அடுத்தவன் படிப்பில் அடைத்திருக்கிறார்.

அதெல்லாம் அந்தக் காலம், இப்போ திறமைக்குத்தான் மதிப்பு என்பார்கள். சுகதேவ் தோரட்டும் பால் ஆட்டவெல்லும் 2007-ல் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகைகளில் தனியார் கம்பெனிகள் கொடுத்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போட்டார்கள். படிப்பு ஒன்றேதான், அனுபவம் ஒன்றேதான். பேர் மட்டும் வேறு: உயர்சாதி இந்துப் பேர், தலித் பேர், முஸ்லிம் பேர். நேர்காணலுக்குக் கூப்பிடப்படும் வாய்ப்பு தலித் பேருக்கு உயர்சாதிப் பேரில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான், முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒரு பங்கு. ரம்பம் ஒரே மாதிரி தீட்டப்பட்டிருந்தது. பிடித்த கை எது என்று பார்த்தார்கள்.

நம் தமிழ்நாட்டில் சாதியைப் பேரில் போடுவதில்லை, அது நம் இயக்கங்களின் வெற்றி. அதனால் இங்கே வேறு வழியில் கேட்கிறார்கள். சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு நடந்த நேர்காணலில் எழுத்துத் தேர்வு, தொழில் கேள்விகள் எல்லாம் முடிந்தபின் ஒரு பெரியவர் ரொம்ப அன்பாகக் கேட்டார். "அப்பா என்ன பண்றார் தம்பி?" விவசாயக் கூலி என்றேன். "சொந்த ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் தெருவுக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?" சொன்னேன். அப்புறம் கேள்வி இல்லை. உங்களுக்குப் பேச்சுத்திறன் போதவில்லை என்று பதில் வந்தது. தில்லிப் பக்கம் வேலைக்கு ஆள் எடுக்கும் மேலாளர்களைச் சந்தித்த சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-ல் எழுதினார்கள்: குடும்பப் பின்னணியை விசாரிப்பது வழக்கம் என்று அவர்கள் மறைக்காமல் சொன்னார்களாம், சொல்லும்போதே திறமை ஒன்றுதான் அளவுகோல் என்றும் சொன்னார்களாம். ரெண்டும் ஒரே வாயில் வருகிறது.

'திறன்' என்கிற சொல்லையும் கொஞ்சம் சொரண்டிப் பார்க்கணும். ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டம் பிள்ளைகளைப் பாதி நேரம் பள்ளிக்கூடத்துக்கும் மீதி நேரம் அப்பன் தொழிலுக்கும் அனுப்பியது. குலக்கல்வி என்று பேர் வைத்து எதிர்த்தார்கள், 1954-ல் காமராசர் வந்து அதை எடுத்தார். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில் 18 தொழில்கள். செருப்புத் தைப்பது, துணி வெளுப்பது, முடி வெட்டுவது உண்டு. குடும்ப வழியாக வந்த தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்ட தமிழக அரசு, இந்த வடிவத்தில் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது. எழுபது வருசம் கழித்தும் அதே வாசலில்தான் நிற்கிறோம். நம் தாத்தன் தோலைப் பதப்படுத்தினான், பறையைக் காய்ச்சிச் சுருதி சேர்த்தான், மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே விதைப்பைச் சொன்னான். அதெல்லாம் திறன் என்று எவனும் சான்றிதழ் கொடுக்கவில்லை, இழிவு என்றான். அதே வேலைக்கு இப்போது சான்றிதழ் கொடுக்கிறபோது, அதிலேயே கிட என்கிறான். எந்தத் திறனை யார் கற்கலாம் என்று தீர்மானிப்பவன் யார்? அந்தக் கேள்வி இல்லாத திறன் மேம்பாடு நமக்குச் சங்கிலி மேம்பாடுதான்.

நம் வீடுகளில் ஒரு பட்டம் வாங்க என்ன செலவாகிறது என்று நிஜமாகவே கணக்குப் போட்டுப் பாருங்கள். அம்மாவின் தோடு அடகுக் கடையில் இருக்கும். தங்கச்சி எட்டாவதோடு நின்றிருப்பாள். மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்களகரமாகப் பேர் வைத்து, மூணு வருசம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று பெண்பிள்ளைகளை விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கினார்கள். அங்கே போனதில் நம் பிள்ளைகள் ஏராளம். அண்ணன் படிப்புக்குப் பீஸ் கட்டின பஞ்சுத்தூசி எத்தனை நுரையீரலில் இருக்கிறது! அந்த அண்ணன் வேலைக்குப் போனபிறகு 'நான் என்மேல் முதலீடு செய்தேன்' என்று மேடையில் பேசினால், தங்கச்சியை ரெண்டாவது தடவை பூட்டி வைக்கிறான் என்று அர்த்தம். இந்தச் சொல்லோடு எனக்கு இருக்கிற பெரிய சண்டை இதுதான். கடன் கொடுத்தவர்களின் பேரை அது அழித்துவிடுகிறது.

அது செய்கிற இன்னொரு கேடு, தோல்வியைப் பிள்ளையின் தலையில் கட்டுவது. அரியலூர் மாவட்டத்து அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 வாங்கினார். அப்பா மூட்டை தூக்கும் தொழிலாளி. மருத்துவச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் செல்லாது, நீட்தான் என்று 2017-ல் ஆனது. உச்சநீதிமன்றம் வரை போனார். அந்த செப்டம்பரில் அவரை இழந்தோம். அனிதாவின் உழைப்பில் என்ன குறை? ஆட்டம் நடக்கும்போதே கோட்டை நகர்த்தினார்கள். வேலையோ இடமோ கிடைக்காமல் அறையில் முடங்கிக் கிடக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது: உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். கூண்டில் ஏற வேண்டியவர்கள் வேறு.

அப்போ என்ன செய்வது? ஆங்கிலம் படிங்க. கம்ப்யூட்டர் படிங்க. எந்தத் திறன் நமக்கில்லை என்று சொன்னார்களோ அதைத் தேடிப் படிங்க. முன்னேற்ற நூலையும் படிங்க. கடிதம் எழுதவும், நேரத்தைப் பிரிக்கவும், நேர்காணலில் பேசவும் அதில் உபயோகமான யோசனைகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தத்துவத்தை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். வேலைக்குப் போனவன் ஊருக்கு வரும்போது பழைய புத்தகத்தைக் கொண்டுவரட்டும், விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கட்டும், நேர்காணலில் என்னென்ன கேட்டான் என்று அடுத்தவனுக்குச் சொல்லட்டும். உதவித்தொகை தாமதமானால் தனியாக அழாமல் சேர்ந்து போய்க் கேட்கட்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீடு கேட்கிற குரலில் தன் குரலையும் சேர்க்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படித்து வேலைக்குப் போன ஒவ்வொருவரும் தன் கணக்கை எழுதணும். யார் முதல் போட்டார்கள், எந்த நகை எந்தக் கடையில் இருந்தது, யார் படிப்பை நிறுத்தினார்கள், எந்தக் கதவில் என்ன கேட்டு நிறுத்தினார்கள், எப்படி உள்ளே போனோம், உள்ளே போனபின் யாருக்குக் கதவைத் திறந்துவிட்டோம். நடை சரியில்லையே, இலக்கியமாக வருமா என்று யோசிக்க வேணாம். எழுதி இதுமாதிரி இதழ்களுக்கு அனுப்புங்கள். விடுதியில் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்தப் பக்கங்களும் கிடக்கட்டும். நம் பிள்ளைகளுக்கு உபயோகப்படுகிற முன்னேற்ற நூலை வேறு யாரும் எழுதித் தரப்போவதில்லை.